கையெழுத்துப் போடாதவரின் மனைவி

வெர்னி குடும்பத்தில் ஒரு கறுப்புக் கட்டில் இருந்தது. சாதாரணக் கட்டில் அல்ல. மேலே விதானம், நாலு பக்கமும் கறுப்புத் திரை, விரிப்பும் கறுப்பு. சொந்தபந்தத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அந்தக் கட்டில் புறப்பட்டுவிடும். துக்க மாதங்கள் முடிந்ததும் திரும்பி வரும். அல்லது நேரே அடுத்த சாவு வீட்டுக்குப் போகும். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதியான குடும்பங்கள் துக்கம் காத்த விதம் அது. உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளில் கட்டிலுக்கு ஓய்வே கிடைத்திருக்காது.

இவ்வளவு சின்ன விஷயம் நமக்குத் தெரியவருகிறதென்றால் காரணம் ஒரு மனிதரின் குணம். சர் ரால்ஃப் வெர்னி ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடத் தூக்கிப் போடமாட்டார். வந்த கடிதத்தில் தேதி குறிப்பார். தான் எழுதியதற்குப் படி எடுத்து வைப்பார். கணக்கு, ரசீது, பட்டியல் எல்லாவற்றையும் கட்டாகக் கட்டிப் பத்திரப்படுத்துவார். பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள கிளேடன் மாளிகையில் அப்படிச் சேர்ந்த அந்த நூற்றாண்டுக் கடிதங்கள் 30,000க்கும் மேல்.

நான் பதிவுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிரயப் பத்திரம், உயில், பாகப்பிரிவினை, வில்லங்கச் சான்று இவற்றோடேயே காலம் போயிற்று. சார்லஸ் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த சண்டையைப் பற்றிப் படிக்கிறவர்கள் கிராம்வெல்லின் பேச்சைப் படிப்பார்கள், மன்னரின் தலை போன காட்சியைப் படிப்பார்கள். என் புத்தி மட்டும் சொத்துப் பக்கமே போகும். யார் பேரில் நிலம் இருந்தது, ஜப்தி எப்போது வந்தது, அதை நீக்க யார் அலைந்தார்கள்? வெர்னி கடிதங்களில் இதற்கெல்லாம் விடை இருக்கிறது. அந்த விடையில் ரால்ஃபைவிட அவர் மனைவிதான் பெரிதாகத் தெரிகிறார்.

குடும்பம் பழையது. 1465இல் லண்டன் மேயராக இருந்த இன்னொரு ரால்ஃப் வெர்னிதான் வியாபாரப் பணத்தில் இவர்களை நிலப்பிரபுக்களாக்கியவர். அதன் பிறகு எல்லா ஜமீன் வீடுகளையும் போல இங்கும் பங்காளிச் சண்டை. நம் ரால்ஃபின் தாத்தாவின் கடைசி மனைவி தன் மகன் எட்மண்டுக்குப் பங்கு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நின்றார். மூத்தாள் மகன் பிரான்சிஸுக்குப் போக வேண்டிய சொத்தைப் பிரித்து, அதை நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமாகவே நிறைவேற்றிக்கொண்டார்கள். பிரான்சிஸ் வயதுக்கு வந்ததும் அந்தச் சட்டத்தை ரத்து செய்யக் கேட்டார். சபை மறுத்துவிட்டது. கையில் இருந்ததை விற்றுவிட்டு 1608இல் நாட்டைவிட்டே போனவர், வட ஆப்பிரிக்கக் கரையில் கடற்கொள்ளைக்காரர்களோடு சேர்ந்தார். 1615இல் மெசினா நகரத்துத் தர்ம ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். அவருடையவை என்று சொல்லப்படும் தலைப்பாகையும் பட்டு அங்கியும் செருப்பும் இன்றும் கிளேடனில் இருக்கின்றன. ஒரு பாகப்பிரிவினை ஒரு மனிதனைக் கொள்ளைக்காரனாக்கிய கதை இது. என் வேலைக்காலத்தில் பாகப்பிரிவினையால் நாசமானவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். கடலுக்குப் போனவர் யாரும் இல்லை.

சொத்து வந்து சேர்ந்த இளையவர் எட்மண்ட், அரண்மனை ஆள். சார்லஸ் இளவரசராக இருந்த காலத்திலிருந்தே அவர் வீட்டு ஊழியத்தில் இருந்தவர். 1623இல் இளவரசர் பெண் பார்க்க மத்ரித் போனபோது எட்மண்டும் கூடப் போனார். அங்கே காய்ச்சலில் சாகக் கிடந்த ஒரு பணியாள் பையனைக் கத்தோலிக்கனாக்கிவிடப் பார்த்த பாதிரியாரைக் கைநீட்டி அடித்துவிட்டார் என்பது அவரைப் பற்றி அன்று பரவலாகப் பேசப்பட்ட கதை. சார்லஸ் மன்னரானதும் எட்மண்ட் அரண்மனைக் காவல் அதிகாரியானார். பதவி பெரிது, வரும்படிதான் சரியாக வரவில்லை. வாடகைக் கோச்சு வண்டி உரிமம், புகையிலை உரிமம், சதுப்பு நிலம் வடிக்கும் திட்டம் என்று எதிலெல்லாமோ பணம் போட்டார். மன்னருக்கே கடன் கொடுத்தார். அதற்கு ஈடாகத் துணி முத்திரை வரியிலிருந்து ஓர் ஆண்டுத்தொகை எழுதி வாங்கி, அதை இளைய பிள்ளைகளின் பேரில் வைத்தார். மன்னரின் வரியை நம்பி எழுதிய பத்திரம், மன்னரே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று அப்போது யார் யோசித்தார்கள்?

எட்மண்டுக்கும் மனைவி மார்கரெட்டுக்கும் பிறந்தது பன்னிரண்டு, தங்கியது பத்து. நான்கு ஆண், ஆறு பெண். மூத்தவர் ரால்ஃப், 1613இல் பிறந்தவர். பொறுப்பானவர், பொறுப்பே வடிவானவர், சில சமயம் அந்தப் பொறுப்பு தாங்க முடியாத அளவுக்குப் போகும். அடுத்தவன் டாம், அதற்கு நேர் எதிர். 1634இல் அவனை வர்ஜீனியாவுக்குக் கப்பலேற்றினார்கள், திரும்பி வந்தான். பிறகு பார்படாஸ் போனான். அங்கிருந்து தீவின் பழங்களை வருணித்து அப்பாவுக்கு நீளமாக ஒரு கடிதம், அதோடு ஆளும் பொருளும் அனுப்பச் சொல்லி ஒரு பட்டியல். அங்கிருந்தும் திரும்பினான். அதற்குப் பிறகு அவன் செய்த ஒரே நிலையான தொழில் அண்ணனுக்குப் பணம் கேட்டுக் கடிதம் எழுதுவது. அருமையான நடை அவனுக்கு. குற்றம் சொல்வது, கெஞ்சுவது, மிரட்டுவது, கடவுளைத் துணைக்கு அழைப்பது எல்லாம் ஒரே பக்கத்தில் வரும்.

மேரி பிளாக்னல் இந்த வீட்டுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஆபிங்டன் ஊரில் வசதியான குடும்பத்தின் ஒரே வாரிசு. 1625இல் அப்பாவும் அம்மாவும் ஒரே நாளில் இறந்தார்கள். சிறுமிக்கு ஒன்பது வயது. அக்கால இங்கிலாந்தில் மன்னரிடமிருந்து நிலம் பெற்றவர் மைனர் வாரிசை விட்டுப்போனால் அந்தப் பிள்ளையின் கார்டியன் உரிமை மன்னருக்குப் போகும். மன்னர் அதை விற்பார். இதற்கென்றே தனி நீதிமன்றம் இருந்தது. வாங்குகிறவருக்குச் சொத்தின் வருமானமும் கிடைக்கும், பிள்ளையை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்ற உரிமையும் கிடைக்கும். மேரியின் உறவினர்கள் சேர்ந்து அந்த உரிமையை வாங்கினார்கள், பாதி ரொக்கம், பாதி கடன் பத்திரம். அவர்களில் ஒருவர் தன் மகனுக்கே அவளைக் கட்டிவைக்கப் பார்த்தார். கடைசியில் எட்மண்ட் வெர்னி பாக்கிக் கடனைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, 1629 மே மாதம் தன் மூத்த மகனுக்கு மணமுடித்துக்கொண்டார். மாப்பிள்ளைக்குப் பதினைந்து, பெண்ணுக்குப் பதின்மூன்று. மாப்பிள்ளை அதற்குப் பிறகுதான் ஆக்ஸ்ஃபோர்டு படிப்புக்கே போனார்.

வியாபாரக் கல்யாணம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெண் வீட்டாரை எல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மாமியாருக்கு மகள்போல ஆனார். நாத்தனார்கள் அவரிடம்தான் குறை சொன்னார்கள். ரால்ஃப் தன் வாழ்நாளில் வேறு யாருக்கும் எழுதாத விதத்தில் அவருக்கு எழுதினார்.

1640இல் அப்பா, மகன் இருவரும் ஒரே நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார்கள். அப்பா விக்கம் தொகுதி, மகன் ஐல்ஸ்பரி. ரால்ஃப் காகிதத்தை மடித்து முழங்காலில் வைத்துக்கொண்டு பென்சிலால் சபை நடவடிக்கைகளைக் குறித்துவந்தார். 1642 ஜனவரி 4 அன்று மன்னர் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு வந்து ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்யப் பார்த்த நாளும் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. அவசர அவசரமாக எழுதியது, அலங்காரமே கிடையாது. சரித்திர ஆசிரியர்களுக்கு அது புதையல்.

சண்டை வெடித்தபோது அந்த வீடு நடுவில் பிளந்தது. ரால்ஃப் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றார். அப்பா மன்னரின் கொடியை ஏந்தினார். அந்தக் கிழவரின் நிலைமைதான் (ஐம்பத்திரண்டு வயது, அன்றைக்கு அது கிழவயது) மிகவும் கொடுமை. பிஷப்புகளுக்காக நடக்கும் இந்தச் சண்டையில் தனக்கு நம்பிக்கை இல்லை, மன்னர் விட்டுக்கொடுத்துப் போனால் நல்லது என்றுதான் நினைப்பதாக மன்னர் தரப்பிலேயே இருந்த எட்வர்ட் ஹைட் என்பவரிடம் அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் முப்பது வருடம் சோறு போட்டவரை இந்த நேரத்தில் விட்டுப்போக முடியாது என்றும் சொன்னார். செஞ்சோற்றுக் கடன் என்றால் நமக்குக் கர்ணன் நினைவுக்கு வருவான். கர்ணனுக்காவது துரியோதனன்மேல் அன்பு இருந்தது. எட்மண்டுக்கு அந்தச் சண்டைமேல் எதுவுமே இல்லை.

அந்தக் கோடையில் அவர் கிளேடன் காரியஸ்தருக்கு எழுதிய கடிதங்களைப் படித்தால் மனசு கனக்கும். துப்பாக்கி வாங்கி வை, வெடிமருந்து வாங்கி வை, வீட்டுக்குக் காவல் போடு. மகனிடம் பேசுவதைவிடக் காரியஸ்தரிடம் பேசுவது அவருக்கு அப்போது எளிதாக இருந்திருக்கும். தம்பி மன் (இவரும் எட்மண்ட்தான், வீட்டில் மன்) அண்ணனுக்கு எழுதினார். நீ மன்னருக்கு எதிராக நிற்பது எனக்குத் தாங்கவில்லை, அப்பாவை நினைத்துப் பார், ஆனாலும் உன்மேல் இருக்கும் பிரியம் போகாது என்ற தோரணையில். பதில் வரவில்லை என்றதும், கோபித்துக்கொண்டாயோ என்று பதறி இன்னொரு கடிதம்.

1642 அக்டோபர் 23, எட்ஜ்ஹில். கவசமோ தோல் சட்டையோ எதையும் போட்டுக்கொள்ள எட்மண்ட் சம்மதிக்கவில்லை என்று அன்று உடனிருந்த ஒருவர் பிறகு ரால்ஃபுக்கு எழுதினார். கொடியைப் பிடித்தபடியே அவர் செத்தார். கொடி கைமாறியது, பிறகு மீட்கப்பட்டது. உடல் கிடைக்கவில்லை. எதிரணியில் இருந்த மகன் தன் தளபதி எசெக்ஸ் பிரபுவிடமே ஆளனுப்பித் தேடச் சொன்னார், பயனில்லை. மோதிரம் போட்ட கை மட்டும் கொடிக்கம்போடு கிடைத்தது என்று குடும்பத்தில் ஒரு கதை பின்னாளில் வளர்ந்தது. நான் அதை நம்பவில்லை. உடல் கிடைக்காத வீட்டில் அப்படி ஒரு கதை வளராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இருபத்தெட்டு வயதில் ரால்ஃப் குடும்பத் தலைவரானார். அப்பாவின் கடன், கல்யாணமாகாத தங்கைகள், பணம் கேட்கும் டாம், குதிரையே கதியென்று கிடக்கும் கடைசித் தம்பி ஹென்றி. போர் கிளேடன் வாசல்வரை வந்தது. இரண்டு தரப்பிடமிருந்தும் பாதுகாப்புச் சீட்டு வாங்கி வைத்ததில் வீடு தப்பித்தது. அம்மா பிறந்த ஹில்ஸ்டன் மாளிகை தப்பவில்லை. 1644 மார்ச்சில் நாடாளுமன்றப் படை அதைப் பிடித்துக் கொளுத்தியது. வீட்டுக்குள் இருந்த பெண்களில் ஒருவர் ரால்ஃபின் சித்தி சூசன் டென்டன். அவரைச் சிறைபிடித்த படையின் கேப்டனே அவர்மேல் ஆசைப்பட்டு, சில மாதத்தில் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த வருடம் கேப்டன் செத்துப்போனார். இதையெல்லாம் நாவலில் எழுதினால் ஆசிரியரைக் கேலி செய்வோம்.

இதற்கு முன்பே, 1643 செப்டம்பரில், நாடாளுமன்றம் ஸ்காட்லாந்தின் துணை வேண்டி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. பிஷப் அமைப்பை ஒழித்து மதச் சீர்திருத்தம் செய்வோம் என்று உறுப்பினர்கள் எல்லாரும் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். ரால்ஃப் போடவில்லை. மன்னர் பக்கம் தாவவும் இல்லை. மனசாட்சி ஒப்பவில்லை, அவ்வளவுதான். நண்பர்கள் எச்சரித்தார்கள், கெஞ்சினார்கள். அவர் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பிரான்சுக்குக் கப்பலேறிவிட்டார். மூன்று வயதுப் பையன் ஜாக்கை கிளேடனில் அத்தைகளிடம் விட்டுவிட்டுப் போனார்கள். லுவார் நதிக்கரையில் புளுவா என்ற ஊர், வாடகை வீடு, கையில் குறைந்துகொண்டே வரும் பணம்.

1645 செப்டம்பர் 22 அன்று சபைக்கு வராத குற்றத்துக்காக ரால்ஃபின் உறுப்பினர் பதவி பறிக்கப்பட்டது. சொத்து ஜப்தியானது. ஜப்தி என்றால் வாடகையும் குத்தகையும் வசூலாகி மாவட்டக் கமிட்டிக்குப் போய்விடும், குடும்பத்துக்கு வராது. கடன்காரர்கள் மட்டும் குடும்பத்தைத்தான் தேடி வருவார்கள்.

யார் போய் இதை நீக்குவது? ரால்ஃப் இங்கிலாந்தில் கால் வைத்தால் கைதாவார். தாய்மாமன் டாக்டர் வில்லியம் டென்டன் லண்டனில் வைத்தியர், ஊர் நிலவரம் தெரிந்தவர். அவர் வெளிப்படையாக எழுதினார்: இந்தக் காலத்தில் பெண்களைப்போலப் பயன்படுகிறவர்கள் யாரும் இல்லை, மேரியை அனுப்பு. கமிட்டி ஆட்களின் முன்னால் ஆண் போய் நின்றால் எதிரி. பெண் போய் நின்றால், அதுவும் பிள்ளைக்குப் பால் வாங்கக் காசில்லை என்று நின்றால், விரட்டுவது சங்கடம். டாக்டரின் கணக்கு அப்படி.

1646 இறுதியில் மேரி வந்தார். கர்ப்பிணி. துணைக்கு ஒரு பணிப்பெண். லண்டனில் மாடியில் அறை, வாரத்துக்கு 12 ஷில்லிங். விறகு, மெழுகுவத்தி, சலவை, சாப்பாடு எல்லாம் தனி. காலையில் எழுந்து ஒவ்வொரு பெரிய மனிதரின் வாசலாகப் போவார். ஒரு காலத்தில் வெர்னி குடும்பத்தோடு உயிராகப் பழகிய சீமாட்டி ஒருவர் இப்போது நாடாளுமன்றத் தரப்பின் பெரும்புள்ளி வார்விக் பிரபுவின் மனைவி. அவரிடம் பல முறை போக வேண்டியிருந்தது. அன்பான வார்த்தை கிடைத்தது, காரியம் நகரவில்லை. சபைக்கு வராததற்காக மட்டுமே ஜப்தி, வேறு குற்றம் ஏதுமில்லை என்று மாவட்டக் கமிட்டி சான்று தர வேண்டும். கமிட்டி இழுத்தடித்தது. ஒரு சான்றுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்த யாருக்கும் மேலே விளக்கம் தேவையில்லை. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் எனக்கும் தேவையில்லை.

இந்த நாட்களில் கணவனும் மனைவியும் வாரம் தவறாமல் எழுதிக்கொண்டார்கள். ஆபத்தான பெயர்களுக்குச் சங்கேதம் வைத்துக்கொண்டார்கள். ரால்ஃபின் கடிதங்கள் எப்படியிருக்கும் என்றால், எண் போட்டாற்போல வரிசையாகக் கேள்விகள். நான் கேட்டதற்கெல்லாம் நீ பதில் எழுதவில்லை, என் கடிதத்தைச் சரியாகப் படிக்கிறாயா என்று கண்டிப்பு. நடுவே, கிட்டார் பயிற்சியை விட்டுவிடாதே என்று ஒரு வரி! வயிற்றில் பிள்ளையோடு பனியில் அலைகிறவரிடம் கிட்டார். மேரி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆண் குழந்தை பிறந்தால் ரிச்சர்ட் என்று வை என்று ரால்ஃப் எழுதியபோது மட்டும் மறுத்துவிட்டார். உங்கள் பெயர்தான் வைப்பேன் என்று முடிவாக எழுதினார். 1647 ஜூன் 3 அன்று குழந்தை பிறந்தது. ரால்ஃப் என்றே பெயரிட்டார்.

கொஞ்சம் தேறியதும் கிளேடனுக்குப் போய்ப் பார்த்தார். அங்கிருந்து அவர் எழுதியதுதான் இந்தக் கடிதக் குவியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. துணிமணி எல்லாம் நைந்துபோய்விட்டன. பத்திரமாக இருக்கட்டும் என்று சுவருக்குள் வைத்து மூடிய இறகு மெத்தைகளை எலி தின்றிருக்கிறது. இறைச்சி வாட்டும் கம்பிகள் துருப்பிடித்து, இனி எதற்கும் உதவாது. போர் என்றால் இதுவும்தான். மன்னரின் கொடி எட்ஜ்ஹில்லில் விழுந்த கணக்கோடு எலி தின்ற மெத்தையையும் சேர்க்க வேண்டும். நாலு வருடம் பார்க்காத மகன் ஜாக் அங்கே இருந்தான். கால் இரண்டும் வளைந்திருந்தன, சத்துக்குறைவு. கால் வளைந்திருந்தாலும் அருமையான பிள்ளை என்று எழுதிய தாய், அவன் பிரான்சுக்கு அப்பாவிடம் போக ஆசைப்படுவதையும் எழுதினார். கைக்குழந்தையைக் கிளேடனிலேயே ஒரு பால்கொடுக்கும் தாயிடம் ஒப்படைத்தார். கூலி வாரத்துக்கு 4 ஷில்லிங், கூட இரண்டு வண்டி விறகு.

அந்த இலையுதிர் காலத்தில் குழந்தை வலிப்பு கண்டு செத்துப்போனது. ஏறக்குறைய அதே நாட்களில் புளுவாவில், அப்பாவின் கண்முன்னால், எட்டு வயது மகள் பெக் செத்துப்போனாள். இங்கிருந்து ஒரு சாவுச் செய்தி அங்கே போனது. அங்கிருந்து ஒரு சாவுச் செய்தி இங்கே வந்தது. மகள் போன சேதியை மேரியிடம் எப்படிச் சொல்வதென்று டாக்டர் டென்டன் திணறிப்போனார். சொன்னபின் மேரி சில நாள் தன் நிலையிலேயே இல்லை. பிறகு எழுந்து, திரும்பவும் கமிட்டிக்குப் போனார்.

1648 ஜனவரி 5 அன்று கமிட்டியில் வழக்கு எடுக்கப்பட்டது. நண்பர்களும் உறவினர்களும் தெரிந்த உறுப்பினர்களைப் பிடித்து அன்றைக்குத் தவறாமல் வந்து உட்காரவைத்திருந்தார்கள். சிபாரிசு என்று முகம் சுளிக்கலாம். எதிர்த்தரப்பும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. ஜப்தி நீங்கியது. மேரி கடன்காரர்களோடு பேசி முடித்து, ஜாக்கைக் கூட்டிக்கொண்டு வசந்தத்தில் புளுவாவுக்குத் திரும்பினார்.

நாத்தனார்கள் கதையும் இடையில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா எழுதிவைத்த துணி வரித் தொகை போரோடு நின்றுபோனது; வரதட்சணை இல்லாத பெண்களுக்குக் கிடைத்த மாப்பிள்ளைகளும் அப்படியே. நாத்தனார் சூசன் கட்டியது கடனாளிச் சிறையில் இருந்த ஒரு மனைவியிழந்தவரை. முதல் பிரசவத்திலேயே இறந்தார். கேரிக்குப் பதினைந்து வயதில் கல்யாணம், புருஷன் போரில் போனபோது வயிற்றில் பிள்ளை, புகுந்த வீட்டில் ஏச்சு. நாத்தனார் பெக்குக்குக் கோபக்காரர் ஒருவர் வாய்த்து, கடைசியில் பிரிவு. மாலி கல்யாணத்துக்கு முன்பே கர்ப்பமாகி, வீடு முழுக்க ரகசியக் கடிதங்கள் பறந்தன. தம்பி மன் 1649இல் அயர்லாந்தின் டிரோஹெடாவில், உயிருக்கு உத்தரவாதம் கொடுக்கப்பட்டபின் கொல்லப்பட்டார்.

1650 மே 10 அன்று புளுவாவில் மேரி இறந்தார். முப்பத்து நாலு வயது. நெஞ்சுச் சளி பல மாதமாகவே இருந்தது. பெற்றது ஆறு, உயிரோடிருந்தது இரண்டு மகன்கள். ரால்ஃப் உடலைப் பதப்படுத்திக் கப்பலில் கிளேடனுக்கு அனுப்பினார். கூடப் போக முடியவில்லை. வழக்கம்போலப் பட்டியல் போட்டார், கறுப்பு இரவுத் தொப்பி, கறுப்புச் சீப்பு, கறுப்பு வெல்வெட் செருப்பு. படிக்கிறவருக்கு முதலில் எரிச்சல் வரும், இந்த நேரத்திலும் பட்டியலா என்று. இரண்டாம் முறை படித்தால், அந்த மனிதருக்கு அழத் தெரிந்த விதம் அதுதான் என்று புரியும்.

அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1653இல் நாடு திரும்பி, மிடில் கிளேடன் தேவாலயத்தில் அப்பா, அம்மா, மேரி, தான் என்று நால்வரின் மார்பளவுச் சிலைகளோடு நினைவுச்சின்னம் வைத்தார். உடல் கிடைக்காத அப்பாவுக்கு அது ஒன்றுதான் சமாதி. 1655இல் கிராம்வெல் ஆட்சி அவரைச் சிறிது காலம் உள்ளே வைத்தது. 1661இல் இரண்டாம் சார்லஸ் பாரோனெட் பட்டம் கொடுத்தார். 1680களில் மீண்டும் நாடாளுமன்றத்துக்குப் போனார். ஆக நாடாளுமன்றம் அவரைத் தள்ளியது, கிராம்வெல் அடைத்தார், மன்னராட்சி பாதி மனதோடு அணைத்தது. 1696இல், எண்பத்திரண்டு வயதில் காலமானார். கால் வளைந்த ஜாக், துருக்கி நாட்டு வியாபாரக் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்து அலெப்போவில் பல வருடம் வியாபாரம் பார்த்து, கடைசியில் குடும்பச் சொத்துக்கும் வாரிசாகி ஃபெர்மனா பிரபு ஆனார். டாம்? அண்ணனையும் அனுப்பிவைத்துவிட்டு 1707இல்தான் செத்தான், தொண்ணூற்றிரண்டு வயதில்.

ரால்ஃபின் மனசாட்சியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று தெரிந்தவன் நான். ஒப்பாததில் போடமாட்டேன் என்று நின்ற மனிதரை மதிக்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்த ஒரு கையெழுத்தைப் போடாததற்கான முழுக் கட்டணத்தையும் செலுத்தியது மேரி. அலைச்சல், அவமானம், இரண்டு பிள்ளைகள், அநேகமாகத் தன் உடம்பும். வரலாற்றுப் புத்தகங்களில் ரால்ஃப் வெர்னி, நாடாளுமன்றக் குறிப்புகள் எழுதியவர் என்று ஒரு வரியில் வருவார். மேரி அதில்கூட வருவதில்லை.

குறிப்புகள் 1845இல் கேம்டன் சங்க வெளியீடாக அச்சேறின. போர்க்கால வீட்டுக் கடிதங்கள் நூலாக வர 1892 ஆயிற்று. அதைத் தொகுத்தவர் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பார்த்தனோப், தாதியர் பணிக்குப் பெயர்போன ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் அக்காள். மூட்டுவலியில் கை முடங்கிக் கிடந்த காலத்திலும் அந்த வேலையை விடாமல் செய்தார். அச்சில் பார்க்காமல் 1890இல் இறந்துபோக, அடுத்த மருமகள் மார்கரெட் மரியா முடித்துவைத்தார். இந்தக் குடும்பத்தைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை: 1845 புத்தகத்தில் தொடங்க வேண்டாம், 1892 பதிப்பின் முதல் தொகுதியிலும் வேண்டாம். இரண்டாம் தொகுதியை எடுங்கள். மேரி லண்டனுக்கு வந்து இறங்குவது அதில்தான்.